சந்தை சரியும் என்ற பயத்தில் பங்கை விற்கலாமா? படிப்படியாக முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரி கடைசி. சேரன்மகாதேவியில் உரக்கடை வைத்திருக்கும் என் மச்சினன் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினான். "அத்தான், எல்லாத்தையும் வித்துரட்டா? டிவியில பூராவும் மந்தம் வரப்போவுதுன்னே சொல்லுதானுவ." ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி, செப்டம்பரில் 26,200-க்கு மேல் இருந்தது, ஐந்து மாதமாக இறங்கி 22,100 பக்கம் வந்திருந்த நேரம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் எதை விற்பது, எதைத் தொடக்கூடாது, எந்தத் தேதியில் விற்பது என்று எல்லாம் எழுதி முடித்துவிட்டோம்.

பாளையங்கோட்டையில் வருமான வரிக் கணக்கு எழுதும் வேலை எனக்கு. சந்தை இறங்கும் ஒவ்வொரு தடவையும் இதே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் வரும்போதே விற்றிருப்பார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் கேட்டிருக்க வேண்டியதை என்னிடம் வந்து கேட்பார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். நானும் மச்சினனும் போன வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் இருப்புப் பட்டியல். நம் பங்குகளை மின்னணுக் கணக்கில் (டீமேட்) வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் தேடி எடுங்கள். டீமேட்டில் உள்ள பங்கும் மியூச்சுவல் ஃபண்டும் அதில் ஒன்றாக இருக்கும். திறப்பதற்கான பாஸ்வேர்டு உங்கள் பான் எண். ஒரு ஆப் காட்டுவதை மட்டும் பார்த்தால், எப்போதோ இன்னொரு புரோக்கரிடம் திறந்து மறந்துபோன கணக்கு விட்டுப்போகும்.

இரண்டாவது, ஒவ்வொன்றும் வாங்கிய தேதியும் விலையும். சராசரி விலை மட்டும் போதாது. வரி தேதியைப் பார்த்துத்தான் வருகிறது, அதை 7-ம் படியில் சொல்கிறேன்.

மூன்றாவது, ஓ.டி.பி. எந்த போனுக்கு வருகிறது என்பது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். டீமேட் கணக்கில் இருந்தது அவருடைய பழைய நம்பர். அந்த சிம்மை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விற்க வேண்டும் என்று முடிவு செய்த நாளில் ஓ.டி.பி. வரவில்லை. நம்பர் மாற்ற விண்ணப்பம் கொடுத்து, அது ஏறி முடிப்பதற்குள் எட்டு நாள் போய்விட்டது. ஆகவே இன்றைக்கே ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். சி.டி.எஸ்.எல். கணக்காக இருந்தால் விற்பனைக்கு ஒப்புதல் தரும் ரகசிய எண்ணான டிபின் நினைவிருக்கிறதா என்றும் பாருங்கள். விற்ற பங்கைப் புரோக்கரே கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க விடும் டி.டி.பி.ஐ. அனுமதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் விற்கும்போது டிபின் கேட்காது.

நான்காவது, பெட்டியில் கிடக்கும் காகிதப் பங்குப் பத்திரம். நம் பக்கத்து வீடுகளில் இது நிறைய உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கைக் கை மாற்ற முடியாது. டீமேட்டாக மாற்றிய பிறகுதான் விற்கலாம். பெயர், கையெழுத்து எல்லாம் ஒத்துப்போனாலே வாரக்கணக்கில் ஆகும். தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுக்கு மாற்றுவது இன்னொரு வேலை. அந்தப் பங்குகளை இப்போதைய முடிவில் சேர்க்காதீர்கள். மாற்றும் வேலையை மட்டும் நாளைக்கே தொடங்கிவிடுங்கள்.

2. பணம் எந்த மாதம் வேண்டும் என்று எழுதுங்கள்

எல்லோரும் "சந்தை எவ்வளவு இறங்கும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. "என் பணம் எனக்கு எப்போது வேண்டும்?" என்பதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. தெரிந்ததிலிருந்து தொடங்கினால்தான் மற்ற முடிவுகள் சுலபமாகும்.

நோட்டில் ஒரு கோடு போட்டு, அடுத்த மூன்று வருஷத்துக்குள் வரப்போகும் பெரிய செலவுகளை மாதத்தோடு எழுதுங்கள். கல்யாணம், காலேஜ் ஃபீஸ், வீட்டுக்குத் தளம் போடுவது, அறுவை சிகிச்சை. மச்சினன் எழுதியது ஒரே வரி: மகளுக்கு இன்ஜினியரிங் ஃபீஸ், ஜூனில் ஒன்றரை லட்சம், அதற்கடுத்த இரண்டு ஜூனிலும் அதே அளவு. மொத்தம் நாலரை லட்சம்.

அந்த நாலரை லட்சம் பங்கில் இருக்கக் கூடாது. சந்தை இறங்குமா ஏறுமா என்ற பேச்சே இதில் இல்லை. 26,000-ல் இருந்திருந்தாலும் அதை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஏன் மூன்று வருஷம்? மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச் 9-ம் தேதி 8,160-ல் முடிந்தது. மறுபடி 21,000-க்கு வந்தது 2010 நவம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருஷம். 2020-ல் கதை வேறு. ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23-ல் 7,610-க்கு வந்து, நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அடுத்து வருவது எந்த மாதிரி என்று தெரியாதவரை நீண்டதையே கணக்கில் வைக்க வேண்டும்.

அப்புறம் அவசரப் பணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் பங்கை விற்றுக் கடையைச் சரி செய்தவர்கள் உண்டு. நிஃப்டி அப்போது 21,000-க்கு மேல் நல்ல உயரத்தில் இருந்ததால் தப்பித்தார்கள். அதே வெள்ளம் 2020 மார்ச்சில் வந்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்திருப்பார்கள். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இல்லாதவர்கள், சந்தை எங்கே இருந்தாலும் அந்த அளவுக்கு விற்று எடுத்து வைக்கலாம். மச்சினனுக்கு மூன்று லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருந்தது. அதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

3. கடன் வாங்கிப் போட்டிருந்தால் அதுதான் முதல் விற்பனை

நகைக்கடன், தனிநபர் கடன், பங்கு வாங்கப் புரோக்கர் கடனாகக் கொடுக்கும் மார்ஜின், எதில் வாங்கியிருந்தாலும் சரி. அந்த அளவுக்கு விற்றுக் கடனை அடையுங்கள். கடனில் வாங்கியவருக்குக் காத்திருக்கும் உரிமை கிடையாது. மார்ஜினில் விலை ஒரு அளவுக்குக் கீழே போனால், கேட்ட பணத்தைக் கட்டாதவரின் பங்கைப் புரோக்கர் தானே விற்றுவிடுவார். அது பெரும்பாலும் மோசமான நாளாகத்தான் இருக்கும்.

இந்தப் படியில் விதிவிலக்கு எதுவும் நான் பார்த்ததில்லை.

4. உங்கள் பயத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

"பயமா இருக்கு" என்று மொத்தமாகச் சொன்னால் அதற்கு மருந்து கிடையாது. எதைப் பற்றிய பயம் என்று எழுதினால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நாட்டின் பொருளாதாரமே படுத்துவிடும் என்பது. இன்னொன்று, நான் வைத்திருக்கும் குறிப்பிட்ட நிறுவனம் கெட்டுவிட்டது என்பது. இரண்டாவதுக்கு விற்பது சரியான மருந்து. முதலாவதுக்கு விற்பது பெரும்பாலும் பலிப்பதில்லை.

காரணம் இது. மேற்கே மலையில் கொட்டிய மழை பாபநாசம் இறங்கி, தாமிரபரணி ஆற்றோடு வந்து திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடிக்கும்போது மலையில் மழை விட்டிருக்கும். மந்தம் பற்றிய செய்தி குறுக்குத்துறையில் நிற்கும் தண்ணீர் மாதிரி. சந்தை மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் நாட்டின் உற்பத்தி கிட்டத்தட்ட 24 சதவீதம் சுருங்கியது. அந்தக் கணக்கு வெளியானது ஆகஸ்ட் 31-ம் தேதி. மார்ச்சில் 7,610 வரை போன நிஃப்டி அன்றைக்கு 11,300-க்கு மேல் இருந்தது. மந்தம் உறுதியானதும் விற்கலாம் என்று காத்திருந்தவர், வீழ்ச்சியையும் முழுசாகப் பட்டு, ஏற்றத்தின் நடுவில் இறங்கியிருப்பார்.

மச்சினன் எழுதிய வாக்கியம்: "மகள் ஃபீஸ் கட்டும்போது பணம் இல்லாமப் போயிரும்." அது சந்தையைப் பற்றிய பயமே இல்லை. இரண்டாம் படியிலேயே அதற்கு வழி செய்தாயிற்று. ஆளுக்கு மூச்சு வந்தது அப்போதுதான்.

5. ஒவ்வொரு பங்கையும் தனியாக எடுத்துப் பாருங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

மச்சினனிடம் சந்தையில் இருந்தது மொத்தம் 14 லட்சம். அதில் ஒரு வங்கியின் பங்கு மட்டும் ஆறு லட்சம், அவனுடைய அப்பா வாங்கி வைத்தது. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாமாதம் போட்டு, சேர்ந்தது ஐந்து லட்சம். மீதி மூன்று லட்சம் பதினோரு சின்னப் பங்குகளில். அந்தப் பதினொன்றை ஏன் வாங்கினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏழுக்குப் பதில் வரவில்லை. "கடைக்கு வார ஒருத்தர் சொன்னாவ" என்பதுதான் பதில்.

ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்வி போதும். இந்தப் பங்கு இல்லாமல், அதன் மதிப்புக்கு ரொக்கம் மட்டும் கையில் இருந்தால், இன்றைய விலைக்கு இதையே வாங்குவேனா? வாங்குவேன் என்றால் வைத்திருங்கள். மாட்டேன் என்றால் விற்க வேண்டிய பட்டியலில் எழுதுங்கள். தெரியவில்லை என்பதும் "மாட்டேன்" கணக்குத்தான். என்ன தொழில் செய்கிறது என்று தெரியாத பங்கை, இறங்குகிற சந்தையில் தாங்கிப் பிடிக்க உங்களால் முடியாது. பாதியில் கை நடுங்கி விற்றுவிடுவீர்கள்.

"வாங்கின விலை வந்ததும் வித்துருவேன்" என்ற பேச்சை இங்கேதான் கேட்பேன். நான் பார்த்ததில் அதிகப் பணத்தைத் தின்ற தவறு இது. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. வரிக் கணக்கில் எழுதும்போது மட்டும் அந்த விலை வேண்டும். இந்தப் படியில் அதை ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் பாருங்கள்.

நிறுவனம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க மூன்று இடங்கள் போதும். பங்குச் சந்தைத் தளத்தில் காலாண்டுதோறும் வெளியாகும் பங்குதாரர் விவரத்தில், நிறுவனத்தை நடத்தும் முதலாளியான புரொமோட்டர் தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா, அது ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஆண்டறிக்கையில் லாபம் காட்டியும் தொழிலிலிருந்து ரொக்கம் வராமல் இருக்கிறதா பாருங்கள். தணிக்கையாளர் பாதியில் விலகினாரா பாருங்கள். சத்யம் நிறுவனத்தின் கணக்கு பொய் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டது 2009 ஜனவரி 7-ம் தேதி. அன்று ஒரே நாளில் விலையில் முக்கால் பங்குக்கு மேல் போனது. அடுத்த வருஷம் சந்தை மீண்டபோதும் அந்தப் பங்கை வைத்திருந்தவர்களுக்குப் பழைய பணம் திரும்பவில்லை. சந்தையோடு சேர்ந்து இறங்கும் நல்ல பங்கையும், தானாக அழுகும் பங்கையும் பிரித்தறியத்தான் இந்தப் படி.

அடுத்தது, ஒரே இடத்தில் குவிந்திருப்பது. தெற்கே இது ஒரு தனிப் பிரச்சினை. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் பங்கைத் தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அது சந்தையில் பட்டியலிடப்பட்டது 2022 செப்டம்பரில்தான். அதுவரை விற்பது பற்றி யாரும் யோசித்ததே இல்லை. இன்னும் சிலர் தாங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கையே முழுக்க வைத்திருப்பார்கள். நிறுவனம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். குடும்பச் சொத்தில் பாதி ஒரே பெயரில் இருந்தால், அந்த ஒரு இடத்தில் இடி விழுந்தால் தாங்க முடியாது. எந்த ஒரு பங்கும் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் எனக்கு வைத்திருக்கும் அளவு. ஒரே நாளில் அங்கே வர வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் வந்தால் போதும்.

அப்பா வாங்கியது என்று மச்சினன் தயங்கினான். அது எனக்குப் புரிகிறது. முழுக்க விற்கச் சொல்லவில்லை. ஆறு லட்சத்தில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு விற்கவும், பதில் சொல்லத் தெரியாத ஏழு பங்கை 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு விற்கவும் எழுதினோம். கூட்டினால் நாலரை லட்சம். ஃபீஸ் வந்துவிட்டது.

மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்தப் படி சுருக்கம். பல நிறுவனங்களில் பரவிய இண்டெக்ஸ் ஃபண்டு மாதிரியானவற்றில் தனித்தனியாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று: எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீர்கள். விலை குறைந்த மாதங்களில் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைக்கும். அதற்காகத்தானே மாதாமாதம் போட ஆரம்பித்தீர்கள்.

6. மிச்சத்தை ரூபாயில் இறக்கிப் பாருங்கள்

விற்க எழுதியது போக மச்சினனுக்கு மீதி ஒன்பதரை லட்சம். அதை 40 சதவீதம் இறக்கி எழுதச் சொன்னேன். 5 லட்சத்து 70 ஆயிரம். சதவீதத்தில் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. ரூபாயில் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் காட்டுங்கள். இந்த நம்பரை ஒரு நாள் போனில் பார்க்க நேரலாம், பார்த்தும் இரண்டு மூன்று வருஷம் சும்மா இருக்க முடியுமா?

அவன் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்தாள். "பிள்ளை ஃபீஸ் எடுத்து வச்சாச்சுல்லா, அப்ப சரி" என்றாள். அதோடு இந்தப் படி முடிந்தது.

முடியாது என்று பதில் வந்தால் இன்னும் கொஞ்சம் விற்கலாம், அதில் தப்பில்லை. எவ்வளவு என்பதற்கு ஒரு விகிதம் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 60 பங்கில், 40 வங்கியில். பங்கு ஒன்பது லட்சமும் டெபாசிட் நாலு லட்சமுமாக இருந்தால் மொத்தம் 13. அதில் 60 சதவீதம் 7 லட்சத்து 80 ஆயிரம். ஆக 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விற்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால், ஏறிய சமயத்தில் விற்பது தானாக நடந்துவிடும். யாருடைய ஆருடமும் தேவைப்படாது.

7. வரியைப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள்

எதை விற்பது என்று முடிவான பிறகுதான் வரி. வரியை முதலில் பார்ப்பவர்கள், விற்க வேண்டியதை விற்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதம் இது. ஒவ்வொரு பட்ஜெட் முடிந்ததும் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலிடப்பட்ட பங்கையும் பங்கு சார்ந்த ஃபண்டையும் 12 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால், ஒரு நிதியாண்டில் ஒன்றேகால் லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். வரும் வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி.

பதினோரு மாதம் ஆன பங்கில் 80,000 ரூபாய் லாபம் என்று வையுங்கள். இன்று விற்றால் 16,000 ரூபாய் வரி, செஸ் தனி. ஒரு மாதம் கழித்து விற்றால், வேறு நீண்டகால லாபம் இல்லாதவரை ஒன்றுமில்லை. காத்திருக்கலாம். ஆனால் அது 5-ம் படியில் அழுகிய பங்கு என்று எழுதியதாக இருந்தால் காத்திருக்காதீர்கள். வரியை மிச்சப்படுத்தப் போய் முதலை விட வேண்டாம்.

நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. வங்கிப் பங்கை விற்றால் மச்சினனுக்கு வரும் லாபம் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்கச் சொன்னேன். இரண்டு வருஷத்து விலக்கும் கிடைத்தது, வரி வரவில்லை. மார்ச் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

அப்பா, அம்மாவிடமிருந்து வந்த பங்குக்கு அவர்கள் வாங்கிய தேதியும் விலையும்தான் கணக்கு. 2018 ஜனவரி 31 வரை வாங்கியதாக இருந்தால், அன்றைய உச்ச விலையை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்த உச்ச விலை உண்மையில் வாங்கிய விலையைவிட அதிகமாக இருக்க வேண்டும். விற்ற விலைக்கு மேலே அதை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தேதியில் சந்தையில் இல்லாமல் பிறகு பட்டியலிடப்பட்ட பங்குக்குக் கணக்கு வேறு, ஆடிட்டரிடம் கொடுத்துப் போடுங்கள்.

புதியவர்கள் தடுக்கும் இடங்கள் சில. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி 12 மாதம், முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. பல ஃபண்டுகளில் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம் வெளியேறும் கட்டணமும் உண்டு. "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னாவளே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தத் தள்ளுபடி பங்கு லாபம் மாதிரித் தனி விகித வருமானத்துக்குக் கிடையாது. வேறு வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் அந்தக் குறைவுக்கு லாபத்தை ஈடு கட்டிக்கொள்ளலாம். நஷ்டத்துக்கு விற்றால் அதை எட்டு வருஷம் வரை பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம். ஆனால் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். வருமானம் இல்லை என்று ரிட்டர்ன் போடாமல் விட்டு, இந்தக் கழிவை இழந்தவர்கள் வருஷம் நாலு பேராவது வருகிறார்கள். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும், குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம்.

8. மறுபடி வாங்கும் தேதியை முதலில் எழுதிவிட்டு அப்புறம் விற்கவும்

ஃபீஸுக்காகவோ, அழுகிய பங்கு என்றோ விற்பவருக்கு இந்தப் படி தேவையில்லை. "இப்ப வித்துட்டு இறங்கினதும் வாங்கிக்கிடுதேன்" என்பவருக்காக எழுதுகிறேன்.

அவர் இரண்டு தடவை சரியாகச் செய்ய வேண்டும். வெளியே வருவதில் ஒரு தடவை, உள்ளே போவதில் ஒரு தடவை. இரண்டாவது முதலாவதைவிடக் கஷ்டம். 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிய நாள். நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. ஜூன் 7-ம் தேதி, மூன்றே வர்த்தக நாளில், வீழ்ச்சிக்கு முந்தைய இடத்தைத் தாண்டி முடிந்தது. 4-ம் தேதி மத்தியானம் விற்றவர்களில் அந்த மூன்று நாளில் திரும்ப வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

விலையை வைத்து எழுதினால் அந்த விலை வரும்போது கை வராது. தேதியை வைத்து எழுதுங்கள். "ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஆறில் ஒரு பங்கு, சந்தை எங்கே இருந்தாலும்" என்கிற மாதிரி. இதை எழுதிக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை என்றால், விற்காதீர்கள்.

இடையில் அந்தப் பணம் குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டிலோ குறுகியகால டெபாசிட்டிலோ இருக்கட்டும். கையில் பணம் வந்ததும் ரெட்டியார்பட்டி பக்கம் ஒரு மனை இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். மனை நல்லதாகவே இருக்கலாம். ஜூனில் ஃபீஸ் கட்ட அதில் கால் சென்ட் மட்டும் விற்க முடியாது.

9. விற்கும் நாள்

சந்தை 9.15-க்குத் திறக்கும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் செய்யாதீர்கள். ராத்திரி முழுக்கப் பயந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் விற்கிறார்கள், விலை தாறுமாறாக ஓடும்.

மார்க்கெட் ஆர்டர் போட்டால் கிடைத்த விலைக்குப் போகும். பெரிய நிறுவனத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. சின்னப் பங்கில் வாங்க ஆள் குறைவு, நாலைந்து சதவீதம் கீழே போய்விடும். இந்த விலைக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டராகப் போடுங்கள். ஒரு நாளில் இறங்கக்கூடிய கடைசி அளவான லோயர் சர்க்யூட்டில் மாட்டிய பங்கை அன்றைக்கு விற்கவே முடியாமல் போகலாம். வாங்குபவர் இல்லை என்றால் ஆர்டர் வரிசையில் நிற்கும். மச்சினனின் ஏழில் இரண்டு அப்படி நின்றன, மூன்றாம் நாள்தான் போயின.

விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன், கவலையில்லை என்று இருக்காதீர்கள். சாதாரண ஸ்டாப் லாஸ் அன்றைய நாளோடு தீர்ந்துவிடும். பல நாள் நிற்கும் ஜி.டி.டி. வகையிலும், காலையில் விலை உங்கள் லிமிட்டுக்குக் கீழே திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும். 2020 மார்ச் 23-ம் தேதி காலையில் சந்தையே 10 சதவீதம் விழுந்து 45 நிமிஷம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது.

பங்கு விற்ற பணம் அடுத்த வர்த்தக நாளில் புரோக்கர் கணக்குக்கு வரும். வங்கிக்குத் தானாகப் போகாது, நீங்கள்தான் ஆப்பில் எடுக்கச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஃபீஸ் கட்டும் நாளன்று பதறியவர்கள் உண்டு. ஃபண்டை மதியம் 3 மணிக்குள் விற்றால் அன்றைய மதிப்பு கிடைக்கும், தாண்டினால் மறுநாள் மதிப்பு. எப்படியும் பணம் தேவைப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் விற்றுவிடுங்கள்.

10. விற்ற பிறகு செய்ய வேண்டிய இரண்டு வேலை

நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பங்கு, என்ன விலை, ஏன் விற்றேன். அந்த "ஏன்" இருந்தால்தான், பிறகு விலை ஏறும்போது மனசு அலைபாயாமல் இருக்கும். மச்சினன் மார்ச்சில் பாதியும் ஏப்ரலில் பாதியும் விற்றான். ஏப்ரல் 7-ம் தேதி நிஃப்டி 21,750-க்கும் கீழே போய் வந்தது, ஜூன் கடைசியில் 25,500-ஐத் தாண்டியது. வைத்திருந்தால் இன்னும் கூடக் கிடைத்திருக்குமே என்று போன் பண்ணினான். நோட்டை எடுத்து அவன் கையால் எழுதிய வரியைப் படிக்கச் சொன்னேன். "பாப்பா ஃபீஸ், ஜூன்" என்று இருந்தது. மற்ற ஒன்பதரை லட்சம் அந்த ஏற்றத்தில் அப்படியே கூட வந்திருந்தது, எஸ்.ஐ.பி.யும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, லாபத்துக்கு வரி வந்தால் முன்கூட்டிய வரி. பிடித்தம் போக அந்த வருஷத்து வரி 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 தவணைகளில், விற்ற தேதிக்குப் பின்னால் வரும் தவணையில் கட்ட வேண்டும். விட்டால் வட்டி ஏறும். தொழில் வருமானம் இல்லாத 60 வயது தாண்டியவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும். விற்ற விவரத்தோடு புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டு மின்னஞ்சலில் வந்த அன்றைக்கே தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஜூலையில் என் மாதிரி ஆளிடம் வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.